பத்துமலையில் ஒரு விடியற்காலை
(யுத்த சரித்திரத்தில் நாம் அறியாத சில உண்மைகள்)

பத்துமலை என்றதும் நம் அனைவருக்கும் தைப்பூசமும் காவடியும் உயர்ந்த படிக்கட்டும் நினைவுக்கு வரும். நம் தமிழ்ச் சகோதரர்கள் 1892-ஆம் ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடி வருகிறார்கள். பெயரில் உள்ள 'பத்து' என்பது எண்ணன்று. மலாய் மொழியில் அதற்குக் கல் என்று பொருள். பக்கத்தில் ஓடும் பத்து ஆற்றின் பெயரே மலைக்கும் வந்தது. இவ்வளவும் பலரும் அறிந்தவை. ஆனால் 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி, பொழுது புலரும் வேளையில், அந்த மலையின் அருகே நடந்த சம்பவத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சரித்திரம் என்றால் அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மனிதன் மனிதனை எப்படி நம்பினான், எப்படி ஏமாந்தான், எப்படி நம்பிக்கையைக் காத்தான் என்பதே சரித்திரத்தில் நாம் கற்க வேண்டிய பாடம். ஆகவே ஜப்பானியர் காலத்து விசித்திரச் சம்பவங்கள் மூன்றை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம். மூன்றும் உண்மை, மூன்றும் நமது வாசலுக்கு அருகே தொடங்கியவை அல்லது முடிந்தவை.

யுத்தம் வந்த விதம்

பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியதே ஜப்பானியரின் முதல் காரியம் என்று நாம் படித்திருக்கிறோம். உண்மையில் அங்கே குண்டு விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு முன்பே கிளந்தானில் கோத்தா பாரு கடற்கரையில் சண்டை மூண்டுவிட்டது. ஹவாயில் தேதி 1941 டிசம்பர் 7. இங்கே டிசம்பர் 8. அதனால்தான் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததுபோலத் தோன்றுகிறது. 1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

அதன்பின் நம் மக்கள் பட்ட பாடு பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். அரிசி அருகிப்போய் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வாழைமர நோட்டு மூட்டை மூட்டையாக இருந்தும் வாங்குவதற்குப் பொருள் இல்லை. தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்களைச் சயாமுக்கு ரயிலேற்றினார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளப் பாதையை 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். யுத்தக் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் அதைப்போல் பல மடங்கு. கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

இந்தச் சூழ்நிலையில் ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் சென்றவர்களில் முக்கியமானவர்கள் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியினர். அதுவரை அவர்களைச் சிறையில் அடைத்துவந்த பிரிட்டிஷ் அரசாங்கம், தோல்வி நெருங்கியதும் அவர்களையே துணைக்கு அழைத்தது. சிங்கப்பூரில் 101-ஆம் விசேஷப் பயிற்சிப் பள்ளி என்ற ஒன்றில் 165 பேருக்கு அவசர அவசரமாக ஆயுதப் பயிற்சி கொடுத்துக் காட்டுக்கு அனுப்பினார்கள். நமது சிலாங்கூர்ப் பகுதியிலேயே 1942 ஜனவரியில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் முதற்பிரிவு உருவாயிற்று. அந்தக் கட்சியின் கொள்கை நமக்கு உடன்பாடா இல்லையா என்பது இங்கே கேள்வியன்று. நாம் பார்க்கப் போவது அதன் தலைவனை.

மூன்று எஜமானர்களுக்கு ஒரு வேலைக்காரன்

கட்சியின் பொதுக் காரியதரிசியாக இருந்தவன் பெயர் லாய் தெக். அதுவும் இயற்பெயர் அன்று. அவனுக்குப் புனைபெயர்கள் பல. 'ரைட்' என்று ஆங்கிலப் பெயரும் உண்டு. அவன் வியட்நாம் நாட்டவன். முதலில் இந்தோசீனாவிலிருந்த பிரெஞ்சு உளவுப் போலீசுக்கு வேலை செய்தான். அங்கே அவன் வேஷம் வெளுக்கும் நிலை வந்தபோது, 1934-ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அவனைச் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் உளவுப் போலீசுக்குக் கைமாற்றிக் கொடுத்தார்கள்.

இங்கே அவன் ஒரு கதையுடன் கட்சிக்குள் நுழைந்தான். தான் வெளிநாட்டில் பெரிய கட்சித் தலைவர்களுடன் பழகியவன், மாஸ்கோவில் பயின்றவன் என்று சொல்லிக்கொண்டான். கேட்டவர்கள் வியந்தார்களே தவிர விசாரிக்கவில்லை. அவனுக்குமேல் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போலீசில் பிடிபட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் ஓர் இடம் காலியாயிற்று. ஒவ்வொரு காலி இடத்திலும் இவன் ஒரு படி ஏறினான். 1939-ஆம் ஆண்டில் பொதுக் காரியதரிசியே ஆகிவிட்டான். போலீசார் வேவு பார்க்க அனுப்பிய ஆளே வேவு பார்க்கப்பட்ட கட்சிக்குத் தலைவனானது உலக சரித்திரத்தில் அபூர்வம்.

சிங்கப்பூர் வீழ்ந்தபின், 1942 மார்ச் மாதத்தில், ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பித்தாய் அவனைப் பிடித்தது. கெம்பித்தாயிடம் போனவர்கள் திரும்புவது அரிது. இவனோ சீக்கிரமே வெளியே வந்தான். வெளியே வந்தவன் மூன்றாவது எஜமானரின் ஆள். இவனைக் கையாண்ட அதிகாரி ஓனிஷி சத்தோரு என்பவர். அவர் பிற்காலத்தில் கூறியவற்றை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஜப்பானியப் பேராசிரியர் அகாஷி யோஜி ஒருவர். ஆகவே இது எதிர்க்கட்சிக்காரர்கள் கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாது. விலைக்கு வாங்கியவர்கள் பக்கத்திலிருந்தே சாட்சி கிடைத்திருக்கிறது.

செப்டம்பர் முதல் தேதி

1942-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். காட்டிலிருந்த படைப் பிரிவுகளின் தலைவர்களும் கட்சியின் முக்கியஸ்தர்களும் பத்துமலைக்கு அருகே ஓர் இடத்தில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவைப் பிறப்பித்தவன் லாய் தெக். பல திசைகளிலிருந்தும் அவர்கள் மறைந்து மறைந்து வந்து சேர்ந்தார்கள். நகரத்துக்கு அருகில், ஆனால் காடும் குன்றும் சூழ்ந்த இடம். ஆகையால் பத்திரமான இடம் என்று நம்பினார்கள்.

விடியும் வேளையில் ஜப்பானியப் படை நான்கு புறமும் வளைத்துக்கொண்டது. வந்திருந்தவர்கள் எதிர்த்துச் சுட்டார்கள். சிலர் முற்றுகையைப் பிளந்துகொண்டு தப்பினார்கள். கட்சியின் கணக்கில் பதினெட்டுப் பேர் அங்கே உயிர் துறந்தார்கள். அதைவிடக் கூடுதலாகச் சொல்லும் நூல்களும் உண்டு. காட்டுப் படைகளை நடத்திய முக்கியமான தலைவர்கள் பலர் ஒரே காலைப் பொழுதில் இல்லாமற் போனார்கள்.

கூட்டத்தைக் கூட்டிய தலைவன் மட்டும் வந்து சேரவில்லை. வழியில் மோட்டார் கார் பழுதாகிவிட்டது என்பது அவன் சொன்ன சமாதானம். அந்தச் சமாதானத்தைக் கட்சி ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது மட்டுமல்ல; மாண்டவர்களின் அதிகாரமெல்லாம் அவன் ஒருவன் கைக்கே வந்தது.

நாம் சற்று நின்று யோசிப்போம். மூத்த தலைவர்கள் பலர் ஒரே இடத்தில் கொல்லப்படுகிறார்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்தவன் ஒருவன். வராமல் இருந்தவனும் அவனே. பலன் அடைந்தவனும் அவனே. ஆயினும் கேள்வி கேட்க ஆள் இல்லை! ஏன்? கேட்கக் கூடியவர்கள் இறந்துவிட்டார்கள். மீதி இருந்தவர்கள் நம்பிக்கைக்கும் பயத்துக்கும் நடுவே வாய் மூடி இருந்தார்கள்.

அதன் பின்னும் ஐந்து ஆண்டுகள்

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 1943-ஆம் ஆண்டு முடிவில் பிரிட்டிஷாரின் 136-ஆம் படை அதிகாரிகள் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் மலைக்காட்டில் பிளந்தான் என்ற முகாமில் தங்கியிருந்தார்கள். ஜான் டேவிஸ், ரிச்சர்ட் புரூம், காட்டில் தனித்து உயிர்பிழைத்த ஸ்பென்சர் சாப்மன் ஆகியோருடன் சிங்கப்பூர் வீரர் லிம் போ செங்கும் அங்கே இருந்தார். காட்டுப் படையுடன் அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆயுதமும் பணமும் பயிற்சியும் பிரிட்டிஷார் கொடுப்பது, யுத்தக் காரியத்தில் காட்டுப் படை அவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்படுவது என்பது ஏற்பாடு. கட்சியின் சார்பில் சாங் ஹோங் என்ற பெயரில் வந்து ஒப்பந்தம் பேசியவன் யார்? அதே லாய் தெக்! ஜப்பானியரிடம் படி வாங்கிக்கொண்டிருந்தவனே ஜப்பானியரை வீழ்த்தும் திட்டத்துக்கு உடன்பட்டான். லிம் போ செங் 1944 மார்ச்சில் பிடிபட்டு, ஜூன் 29-ஆம் தேதி பத்து காஜா சிறையில் மாண்டார்.

யுத்தம் 1945-இல் முடிந்தது. பினாங்கில் ஒரு சீனப் பத்திரிகையில் லாய் தெக் ஒரு துரோகி என்று பகிரங்கமாகக் குற்றச்சாட்டு வெளியாயிற்று. எழுதியவர் ஜப்பானியர் கையில் அகப்பட்டு அவர்களுக்கு இணங்கி நடந்தவர் என்று பெயர் வாங்கியவர். கறைபட்டவன் பேச்சை யார் கேட்பது என்று கட்சிக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். வாய் கறைபட்டதுதான், வார்த்தை உண்மையாக இருந்தது.

பிறகு மெல்ல மெல்லக் கணக்கு விசாரணை தொடங்கியது. 1947 மார்ச் 6-ஆம் தேதி மத்தியக் குழு கூடியபோது லாய் தெக் இரண்டாம் முறையாக ஒரு கூட்டத்துக்கு வரவில்லை. இம்முறை கார் பழுதாகவில்லை. கட்சிப் பணத்துடன் ஓடிவிட்டான். அவன் இடத்துக்கு இருபத்துமூன்று வயதுகூட நிரம்பாத சின் பெங் வந்தார். லாய் தெக் அதே ஆண்டில் பாங்காக்கில் அகப்பட்டான். அவனை உயிருடன் பிடிக்க முயன்ற தாய்லாந்துக் கட்சியினரின் கையில் கழுத்து நெரிந்து இறந்தான் என்றும், சடலம் ஆற்றில் விடப்பட்டது என்றும் சின் பெங் 2003-இல் வெளிவந்த தமது நினைவு நூலில் சொல்லுகிறார். நடந்த துரோகத்தை 1948 மே மாதத்தில்தான் கட்சி எழுத்து மூலம் வெளியிட்டது. பத்துமலையில் மாண்டவர்களுக்கு இன்று நீலாய் நினைவுப் பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

அதே மாதம், இன்னொரு பயணம்

1942 செப்டம்பர் மாதத்தில் மலாயாவிலிருந்து இன்னொரு கதையும் புறப்பட்டது. அதையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் என்ற ஊரில் 1917-ஆம் ஆண்டு பிறந்தவர் அப்துல் காதர். நம்மில் பலருடைய பாட்டன்மார்களைப் போல அவரும் பிழைப்புத் தேடி 1938-இல் மலாயாவுக்கு வந்தார். பொது மராமத்து இலாகாவில் வேலை பார்த்தார். யுத்தம் வந்தபின் இந்திய சுதந்திர சங்கத்தில் சேர்ந்தார். வழக்கறிஞர் என். ராகவன் அவர்கள் பினாங்கில் தொடங்கிய சுயராஜ்யப் பயிற்சிக் கழகத்தில் இரகசியப் பயிற்சி பெற்ற இளைஞர்களில் அவரும் ஒருவர்.

அந்த இளைஞர்களில் சிலரை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரைக்கு அனுப்பினார்கள். காதரின் குழு மலபார்க் கரையில் தானூரில் இறங்கியது. இன்னொரு குழு குஜராத்துக் கரையில் இறங்கியது. வேறு சிலர் பர்மா வழியாகத் தரைமார்க்கமாகச் சென்றனர். ஆனால் இறங்கிய சிறிது காலத்திலேயே போலீசார் அவர்களைப் பிடித்துவிட்டார்கள். வழக்கு மதராஸில் நடந்தது. 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி மதராஸ் சிறையில் வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு அப்போது வயது இருபத்தாறு.

தம்மை ஓர் இந்துத் தோழருடன் சேர்த்தே தூக்கிலிட வேண்டும், அது இரு சமூகத்தாரின் ஒற்றுமைக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று அவர் கடைசி விருப்பம் தெரிவித்ததாகவும், அனந்தனும் அவரும் சேர்ந்தே தூக்குமேடை ஏறியதாகவும் கேரளத்தில் இன்றும் சொல்லுகிறார்கள். பாருங்கள்: ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், இரண்டு பேர் இரகசியப் பணிக்கு உட்பட்டிருந்தார்கள். ஒருவனிடம் பெரிய படையும் பணமும் பதவியும் இருந்தன. அவன் தன்னை நம்பியவர்களை விற்றுத் தன் உயிரைக் காத்துக்கொண்டான். மற்றவர் சாதாரணச் சிப்பந்தி. எடுத்துக்கொண்ட காரியத்துக்காக உயிரையே கொடுத்தார். அமானிதம் என்ற சொல்லை விளக்க இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

குறி தவறிய குண்டு

மூன்றாவது சம்பவம் பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது. 1945 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் பி-29 ரக விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வேத் தண்டவாளத் தொகுதியைத் தாக்க வந்தன. ரயில் போக்குவரத்தை முடக்கினால் ஜப்பானியப் படை முடங்கும் என்பது திட்டம். குண்டுகளில் சில ரயிலடியைத் தாண்டி டாமன்சாரா சாலையில் இருந்த சிலாங்கூர் பொருட்காட்சிசாலையின் மேல் விழுந்தன. கட்டடத்தின் ஒரு பக்கம் முழுவதும் அழிந்தது. மிஞ்சிய பொருள்களைத் தைப்பிங்கிலிருந்த பேராக் பொருட்காட்சிசாலைக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த இடத்தில்தான் 1963 ஆகஸ்ட் 31-ஆம் தேதி தேசியப் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. நாம் இன்று பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டும் அந்த அழகிய கட்டடம் ஒரு குறி தவறிய குண்டின் தழும்பின்மேல் நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

பத்துமலைச் சம்பவத்தைப் படித்தவர் சிலர், உலகத்தில் யாரையுமே நம்பக் கூடாது என்ற முடிவுக்கு வரக்கூடும். அது சரியான முடிவன்று. அந்தக் கட்சியிலும் படையிலும் சந்தேகம் இல்லாமல் இல்லை. துரோகி என்ற பட்டம் சுமத்தப்பட்டு மாண்டவர்கள் பலர் உண்டு. சந்தேகம் ஏராளமாக இருந்தது. விழ வேண்டிய இடத்தில்தான் விழவில்லை. கீழே இருந்தவன்மேல் சந்தேகம் பாய்ந்தது. மேலே இருந்தவனிடம் கேள்வி போகவில்லை.

உண்மையான குறை ஏற்பாட்டில் இருந்தது. இரகசியத்தைக் காப்பதற்காக ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ள ஒருவரை மட்டும் அறிந்திருந்தனர். எல்லாரையும் அறிந்தவன் ஒருவன்தான். பணம் அவனிடம், பெயர்கள் அவனிடம், கூட்டம் கூட்டும் உரிமையும் அவனிடம். எதிரியைத் தடுக்கக் கட்டிய மதில் துரோகிக்குக் கோட்டையாயிற்று. எல்லாச் சாவியையும் ஒருவன் இடுப்பில் முடிந்துவிட்டால், அவன் நல்லவனாக இருப்பது நமது அதிர்ஷ்டம். அவன் கெட்டவனானால் நமக்குக் கதி இல்லை.

இது யுத்த காலத்துக்கு மட்டும் உரிய பாடமா? நம் சங்கங்களை எடுத்துக்கொள்வோம். சந்தாப் பணம், கட்டட நிதி, ஏழைப் பிள்ளைகளின் படிப்பு உதவி, ஊரார் போடும் சீட்டு ஆகிய எதுவாயினும், கணக்கு இரண்டு மூன்று கண்களுக்குப் புலப்பட வேண்டும். கேட்பவனைப் பகைவனாக எண்ணக் கூடாது. கணக்குக் காட்டுவது நேர்மையானவருக்கு அவமானம் அன்று. அவருக்கு அதுவே பாதுகாப்பு. பெரிய இடத்தில் பழகியவன் என்று ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டால் வியப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும். நமக்குப் பிடிக்காதவர் வாயிலிருந்து ஒரு குற்றச்சாட்டு வந்தாலும், சொன்னவரைப் பார்க்காமல் சொன்ன பொருளைச் சோதிக்க வேண்டும். அதே சமயம் சோதிக்காமல் ஒருவர்மேல் பழி சுமத்துவதும் துரோகத்துக்குக் குறைந்த பாவமன்று.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. பொருட்காட்சிசாலைமேல் விழுந்த குண்டு ஒரு நாளில் செய்த அழிவை மறதி நம் வீடுகளில் நாள்தோறும் செய்கிறது. 1942-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறு தாண்டியவர்கள். சயாமுக்குப் போனவர் யார், திரும்பி வந்தவர் யார், கடையைப் பூட்டிவிட்டுக் கிள்ளானிலிருந்து குடும்பத்துடன் ஓடியவர் யார் என்று சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்கள் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

படிப்பு வட்டத்தில் கலந்து பேச

லாய் தெக்கைப்பற்றி எந்தக் கட்டத்தில் கேள்வி எழுந்திருக்க வேண்டும்? அப்போது கேட்கத் தடையாக இருந்தது நம்பிக்கையா, பயமா? வக்கம் காதரும் அவருடைய தோழர்களும் தம் காரியத்தில் வெற்றி பெறவில்லை. ஆயினும் அவர்களை நாம் மதிப்பது எதற்காக? நமது சங்கத்தில் ஒருவர் மட்டுமே அறிந்த காரியம் எதுவும் உண்டா? இளைஞர்கள் இந்தக் கேள்விகளை அடுத்த கூட்டத்தில் பெரியவர்கள் முன்னிலையிலேயே எடுத்துப் பேச வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை காணும்போது கணக்குப் புத்தகமும் மேஜைமேல் இருப்பது நல்லது.